அரண்மனை உத்தியோகத்திலிருந்து ஆரல்வாய்மொழி வரை

பிறருடைய பணத்தையும் பொருளையும் பார்த்துக்கொள்வதே பிழைப்பாகக் கொண்டவர்கள் ஐதராபாத், செகந்திராபாத் தமிழர்களிடையே நிறையப் பேர் உண்டு. கடைக் கல்லாவில் உட்காருகிறவர், கம்பெனியில் காஷியர், கோடௌனில் ஸ்டாக் எழுதுகிறவர், ரயில்வே ஸ்டோர்சில் சாமான் கணக்கு வைத்திருப்பவர் என்று பலவகை. பகலெல்லாம் ஆயிரமும் லட்சமும் கையில் புரளும். மாலையில் சாவியை ஒப்படைத்துவிட்டு, பஸ்சுக்குச் சில்லறை இருக்கிறதா என்று சட்டைப் பையைத் தடவியபடி லாலாகூடாவுக்கோ திருமலகிரிக்கோ வீடு திரும்ப வேண்டியதுதான். இந்தத் தொழிலின் சுகமும் கஷ்டமும் அறிந்தவர்களுக்கு, பதினெட்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஒரு தென்கோடி உத்தியோகஸ்தரின் கதை அந்நியமாகப் படாது.

அவர் பெயர் நீலகண்ட பிள்ளை. பின்னாளில் தேவசகாயம். 1712ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் தேதி நட்டாலம் என்ற ஊரில் பிறந்தார். நட்டாலம் இன்று கன்னியாகுமரி மாவட்டத்தில் இருக்கிறது. அன்று அது திருவிதாங்கூர் சீமை. அந்த மாவட்டம் 1956 நவம்பரில்தான் தமிழகத்தோடு இணைந்தது என்பது நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். தந்தை வாசுதேவன் நம்பூதிரி. தாய் தேவகி அம்மா, நாயர் குலத்தவர். அந்தக் குலத்தில் அந்நாளில் மருமக்கள் தாயம். பிள்ளையை வளர்த்தவர் தாய்மாமன்தான். அந்த முறையில் தறவாட்டுச் சொத்து யாருக்கும் தனிப்பட உரிமையானதல்ல. மூத்த காரணவர் அதை நிர்வாகம் செய்வார், தமக்கென்று விற்றுத் தீர்த்துவிட முடியாது. சொத்தை வைத்திருப்பது வேறு, சொத்துக்குச் சொந்தக்காரனாக இருப்பது வேறு என்பதை அந்தக் குடும்பத்துப் பிள்ளைகள் சிறு வயதிலேயே பார்த்து வளர்ந்தார்கள்.

நீலகண்டர் நன்றாகப் படித்தவர். தமிழ், மலையாளம், சமஸ்கிருதம் மூன்றும் வரும். ஆயுதப் பயிற்சியும் உண்டு. மார்த்தாண்டவர்மா மகாராஜாவின் தலைநகராயிருந்த பத்மநாபபுரத்தில், நீலகண்டசுவாமி கோயிலில் அவருக்கு உத்தியோகம் கிடைத்தது. பிறகு அரசாங்கப் பொறுப்புகள் வந்தன. மேக்கோட்டைச் சேர்ந்த பார்கவி அம்மாளை மணந்தார். வயலும் மாடும் வீடும் மதிப்புமாக வாழ்க்கை ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது.

1741ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் குளச்சல் கடற்கரையில் டச்சுக்காரர்களை மார்த்தாண்டவர்மா முறியடித்தார். ஓர் ஐரோப்பிய வல்லரசை இந்திய அரசர் ஒருவர் கடலோரத்தில் தோற்கடித்தது சிறிய செய்தியல்ல. அந்தப் போரில் பிடிபட்டவர்களில் ஒருவர் டிலனாய் என்ற அதிகாரி. மகாராஜா அவரைச் சிறையிலே வைத்து வீணாக்கவில்லை. தம்முடைய படைக்குப் பயிற்சி தரும்படி நியமித்தார். டிலனாய் படிப்படியாகத் தளபதியாகவே உயர்ந்தார். உதயகிரிக் கோட்டையைச் செப்பனிட்டவரும் அவர்தான். அந்தக் கோட்டைக்குள் அவருடைய கல்லறையை இன்றும் பார்க்கலாம், லத்தீனிலும் தமிழிலும் எழுத்துப் பொறித்த கல்லறை. டச்சுக் கம்பெனியில் வேலை பார்த்தாலும் டிலனாய் கத்தோலிக்கர்.

அரண்மனை வேலையின் நிமித்தம் இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. அந்தச் சமயத்தில் நீலகண்டருக்கு அடிமேல் அடி. மாடுகள் செத்தன, பயிர் போயிற்று. முகம் வாடியிருந்த நண்பரிடம் டிலனாய் வேதாகமத்திலுள்ள யோபுவின் கதையைச் சொன்னார் என்று சரித்திரம் சொல்கிறது. ஆயிரக்கணக்கில் ஆடும் ஒட்டகமும் வைத்திருந்த செல்வர் யோபு. ஒரே நாளில் மந்தையும் போய், மக்களும் போய், கடைசியில் உடம்பும் புண்ணாகிப் போகிறது. வந்தபோது ஒன்றும் கொண்டு வரவில்லை, போகும்போதும் கொண்டு போவதில்லை என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, கொடுத்தவரையே துதித்த மனிதர் அவர்.

நஷ்டப்பட்டவனுக்கு இப்படி ஆறுதல் சொல்வது உலக வழக்கம்தான். பெரும்பாலோர் கேட்டுத் தலையாட்டிவிட்டு, அடுத்த மகசூலுக்கு விதை வாங்கப் போய்விடுவோம். நீலகண்டர் விடவில்லை. மேலும் மேலும் விசாரித்தார். பகலெல்லாம் ராஜாவின் பொருளைக் கணக்குப் பார்த்துவிட்டு, வீட்டிலுள்ளது மட்டும் தம்முடையது என்று நினைத்திருந்தவருக்கு, அதுவும் இன்னொருவர் ஒப்படைத்த பொருள்தான் என்ற எண்ணம் வந்ததோ என்னவோ. எப்படியாயினும் வேதத்தில் சேருவது என்று முடிவு செய்தார்.

திருவிதாங்கூரில் இருந்துகொண்டு அரண்மனை உத்தியோகஸ்தர் ஒருவர் ஞானஸ்நானம் பெறுவது எளிதான காரியமல்ல. ஆகவே டிலனாய் கொடுத்த கடிதத்துடன் ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டி, சீமைக்கு வெளியே இருந்த வடக்கன்குளத்துக்குப் போனார். இப்போது அது திருநெல்வேலி மாவட்டம். அங்கே சேசு சபைக் குருவான புத்தாரி சுவாமி 1745ஆம் ஆண்டு மே 14ஆம் தேதி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். லாசரஸ் என்பது இட்ட பெயர். அதைத் தமிழாக்கித் தேவசகாயம் என்றார்கள். அவருக்கு அப்போது முப்பத்து மூன்று வயது. பார்கவி அம்மாளும் பிறகு வேதத்தில் சேர்ந்து ஞானப்பூ அம்மாள் ஆனார்.

அடுத்து வந்த நாலு வருஷம்தான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது. பக்திப் புத்தகங்கள் இந்த இடத்தை இரண்டு வரியில் தாண்டிவிட்டு, சிறையும் சித்திரவதையும் தொடங்கும் இடத்துக்கு ஓடிவிடும். இந்த நாலு வருஷமும் தேவசகாயம் துறவியாகப் போய்விடவில்லை. குருப்பட்டம் பெறவில்லை. கோயில் கட்டவில்லை. குடும்பஸ்தராக, உத்தியோகஸ்தராகவே இருந்தார். நமக்குக் கொடுப்பது என்றால் உடனே உண்டியல்தான் ஞாபகம் வரும். நம் கத்தோலிக்க வீடுகளில் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனியே போடும் பழக்கம் உண்டு. மாதக் கடைசியில் அது கோயிலுக்கோ ஏழைகளுக்கோ போகும். நல்ல பழக்கம்தான். கொடுத்தது பிடி அரிசி, மீதிப் பானை நம்முடையது என்ற கணக்கும் அதற்குள்ளே இருக்கிறது.

தேவசகாயம் எடுத்துக் கொடுத்தது அரிசி அல்ல, சாதி. அந்நாளைய திருவிதாங்கூரில் தீண்டாமை மட்டுமல்ல, நெருங்காமையும் உண்டு. இன்ன சாதிக்காரன் இன்ன சாதிக்காரனுக்கு இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளவே இருந்தது. அப்பேர்ப்பட்ட சீமையில், அரண்மனையில் உத்தியோகம் பார்க்கும் மேல்சாதிக்காரர் ஒருவர் தாழ்த்தி வைக்கப்பட்டவர்களோடு கலந்து பழகினார். உடன் உட்கார்ந்து உண்டார். எல்லாரும் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். பணத்தைத் தானம் செய்திருந்தால் ஊர் புகழ்ந்திருக்கும். உட்கார்ந்து சாப்பிட்டதை ஊர் மன்னிக்கவில்லை.

அரண்மனைக்குப் புகார் போயிற்று. 1749ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி அவர் கைது செய்யப்பட்டார்.

மதம் மாறியதற்காகத் தண்டிக்கப்பட்டார் என்பதை ஏற்காத சரித்திர ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ராஜத் துரோகம், உத்தியோகத்தில் குற்றம் என்று அவர்கள் காரணம் சொல்வார்கள். மார்த்தாண்டவர்மாவின் சீமையில் கிறிஸ்தவர்கள் நிறைய இருந்தார்கள், அவருடைய தளபதியே கிறிஸ்தவர்தானே என்பது அவர்கள் வாதம். நியாயமான கேள்விதான். ஆனால் டிலனாய் வெளிநாட்டார்; அவர் யாரோடு உட்கார்ந்து சாப்பிட்டாலும் ஊரின் ஏணிப்படி அசையாது. நீலகண்ட பிள்ளை அந்த ஏணியின் மேல்படியில் இருந்தவர். வித்தியாசம் அங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கே மகாராஜாவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். தேவசகாயம் காவலில் இருந்த அதே காலத்தில், 1750ஆம் ஆண்டு ஜனவரி மாதம், மார்த்தாண்டவர்மா தம்முடைய ராஜ்யம் முழுவதையும் ஸ்ரீ பத்மநாபசுவாமிக்கு அர்ப்பணம் செய்தார். திருப்படித்தானம் என்று அதற்குப் பெயர். உடைவாளைச் சந்நிதியில் வைத்து எடுத்து, அன்று முதல் பத்மநாபதாசன் என்ற பெயரில், சுவாமியின் ராஜ்யத்தை நிர்வகிக்கும் ஊழியனாகவே ஆண்டார். அவருக்குப் பின் வந்த மன்னர்களும் அப்படியே. உள்ளதெல்லாம் ஆண்டவனுடையது, நான் பார்த்துக்கொள்கிறவன் மட்டுமே என்று சிம்மாசனத்திலிருந்தவரும் சொன்னார். விலங்கு பூண்டிருந்தவரும் அதையே நம்பினார். ஒரே சீமையில், ஒரே காலத்தில். அந்த மகாராஜாவைக் கொடுங்கோலர் என்று ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டுக் கதை சொல்வது எளிது. எனக்கு அது சரியாகப் படவில்லை.

காவலில் மூன்று வருஷம். எருமை மாட்டின்மேல் பின்புறமாகத் திரும்பி உட்காரவைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். மேல்சாதிக்காரருக்கு வலியைவிட அவமானம்தான் பெரிய தண்டனை என்று நினைத்திருப்பார்கள். அவரோ மரியாதையை ஏற்கெனவே தாமாகவே இறக்கி வைத்துவிட்டவர். பிரம்படி விழுந்தது. புண்ணில் மிளகாய்ப்பொடி தேய்த்து வெயிலில் நிறுத்தினார்கள். புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் துவண்டபோது பாறையிலிருந்து தண்ணீர் ஊறியதாகச் சொல்லி, இன்றும் மக்கள் அந்தப் பாறையைக் காட்டுகிறார்கள். பெருவிளையில் வேப்பமரத்தில் கட்டிப்போட்டார்கள். பார்க்க வந்த ஜனக்கூட்டம் அவமானம் செய்ய வந்ததாக இல்லை, ஆறுதல் தேடி வந்ததாக இருந்தது. அதனால்தானோ என்னவோ, கடைசியில் சீமையின் எல்லையான ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு போனார்கள். அங்கேயும் கூட்டம் நிற்கவில்லை.

1752ஆம் ஆண்டு ஜனவரி 14ஆம் தேதி, காற்றாடிமலையில் சிப்பாய்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். நாற்பது வயது நிறையவில்லை. உடலைக் காட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சில நாள் கழித்து விசுவாசிகள் மிச்சமிருந்ததைச் சேகரித்துக் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம் செய்தார்கள். 1756ஆம் ஆண்டிலேயே கொச்சி மேற்றிராணியார் இந்த மரணத்தைப் பற்றி ரோமாபுரிக்கு அறிக்கை அனுப்பிவிட்டார்.

ஞானப்பூ அம்மாள் சொந்த ஊரில் இருக்க முடியாமல் வடக்கன்குளத்துக்குப் போய்ச் சேர்ந்தார். கணவர் இறந்த பிறகு பதினாலு வருஷம் அங்கே வாழ்ந்தார் என்பார்கள். அவருடைய கல்லறையும் அந்த ஊரில்தான். அந்த அம்மாளின் வாழ்க்கையை யாரும் விரிவாக எழுதி வைக்கவில்லை. கணவர் கொடுத்ததில் பாதி இவர் கைப்பொருள் அல்லவா!

அந்த வடக்கன்குளத்தின் பிற்காலக் கதையைச் சொல்லாமல் விட்டால் கணக்கு நேராகாது. தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே ஊரில், 1872ஆம் ஆண்டு திருக்குடும்பக் கோயில் எழும்பியது. கால்சட்டையின் இரண்டு கால்போல இரண்டு பகுதியாக அதைக் கட்டினார்கள். மேல்சாதிக்காரருக்கு ஒரு பக்கம், மற்றவர்களுக்கு ஒரு பக்கம், நடுவே தடுப்பு. பூசை ஒன்று, பீடம் ஒன்று, ஜனம் இரண்டு. ஏறக்குறைய நாற்பது வருஷம் இந்த ஏற்பாடு நடந்தது. 1910ஆம் ஆண்டு கௌசானல் சுவாமி என்ற குரு அந்தத் தடுப்பை இடித்துப் போட்டார். தங்கள் உரிமை போயிற்று என்று மேல்சாதியார் கோர்ட்டுக்குப் போனார்கள். வழக்கு சென்னை ஹைகோர்ட்டு வரை வந்தது. கோயிலில் சாதிக்கென்று தனி இடம் கேட்க உரிமை கிடையாது என்று தீர்ப்பாயிற்று. தேவசகாயம் ஒரு சாப்பாட்டுப் பந்தியில் செய்து காட்டியதற்கு, அவர் பெயரை வைத்துப் பெருமைப்பட்ட விசுவாசிகளுக்கு நூற்றைம்பது வருஷத்துக்கு மேலும் ஒரு ஹைகோர்ட்டுத் தீர்ப்பும் தேவைப்பட்டன.

2012ஆம் ஆண்டு டிசம்பர் 2ஆம் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டம் வழங்கினார்கள். அப்போது தேவசகாயம் பிள்ளை என்றுதான் வாசித்தார்கள். சாதியை விட்டவருக்குச் சாதிப் பெயரை ஏன் ஒட்டி வைக்கிறீர்கள் என்று பிறகு சிலர் ரோமாபுரிக்கு எழுதினார்கள். விண்ணப்பம் வீண்போகவில்லை. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி, வத்திக்கானில் பிரான்சிஸ் போப்பாண்டவர் பத்துப் பேரைப் புனிதர்களாக அறிவித்தபோது, இந்திய இல்லறத்தார்களில் முதல் புனிதராக வாசிக்கப்பட்ட பெயர், வடக்கன்குளத்தில் புத்தாரி சுவாமி இட்ட பெயர் மட்டும்தான்: தேவசகாயம்.