அன்னா அட்கின்ஸ்

அன்னா அட்கின்ஸ் (மார்ச் 16, 1799 - ஜூன் 9, 1871) இங்கிலாந்தைச் சேர்ந்த தாவரவியலாளரும் ஒளிப்பட முன்னோடியும் ஆவார். ஒளிப்படங்களால் விளக்கப்பட்ட முதல் நூலை உருவாக்கியவராகப் பரவலாகக் கருதப்படுகிறார். எனினும் அந்நூலில் தம் பெயரை முழுமையாக இடாமையால் அவரது பங்களிப்பு நெடுங்காலம் அறியப்படாதிருந்தது.

இளமை

அன்னா, கென்ட் பகுதியிலுள்ள டன்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். தாயார் 1800 ஆம் ஆண்டில் இறந்தார். தந்தை ஜான் ஜார்ஜ் சில்ட்ரன் வேதியியலிலும் விலங்கியலிலும் புலமை பெற்றவர். பிரித்தானிய அருங்காட்சியகத்தில் பணியாற்றியவர். அக்காலப் பெண்களுக்கு அரிதாகவே கிட்டிய அறிவியல் பயிற்சியை அன்னா அவரிடமிருந்து பெற்றார். லாமார்க்கின் சிப்பிகள் பற்றிய நூலைத் தந்தை மொழிபெயர்த்தபோது, அதற்காக 250 க்கும் மேற்பட்ட படங்களை வரைந்தளித்தார். 1825 இல் ஜான் பெல்லி அட்கின்ஸ் என்பவரை மணந்தார். 1839 இல், பெண்களையும் சேர்த்துக்கொண்ட மிகச்சில அமைப்புகளுள் ஒன்றான இலண்டன் தாவரவியல் கழகத்தில் உறுப்பினரானார்.

நீல அச்சுப் படங்கள்

வில்லியம் ஹார்வி 1841 இல் வெளியிட்ட பிரித்தானியப் பாசிகள் பற்றிய கையேட்டில் படங்கள் இல்லை. நுண்ணிய இழைகளைக் கொண்ட பாசிகளைப் பிழையின்றிக் கையால் வரைவது கடினம். குடும்ப நண்பரான ஜான் ஹெர்ஷெல் 1842 இல் கண்டறிந்த சயனோடைப் எனும் நீல அச்சு முறை இதற்குத் தீர்வாக அமைந்தது.

இம்முறையில் அம்மோனியம் பெரிக் சிட்ரேட், பொட்டாசியம் பெரிசயனைடு ஆகியவற்றின் கரைசல் தாளில் பூசப்பட்டு இருளில் உலர்த்தப்படும். அதன்மேல் உலர்ந்த பாசியை வைத்துக் கண்ணாடியால் அழுத்தி வெயிலில் காட்டுவர். பின்னர் நீரில் கழுவினால் ஒளி பட்ட பகுதி நீலமாகும். பாசி மறைத்த பகுதி வெண்மையாக நிற்கும். இதற்கு ஒளிப்படக்கருவி தேவையில்லை.

நூல்கள்

'பிரித்தானியப் பாசிகளின் ஒளிப்படங்கள்' என்னும் நூலின் முதற்பகுதி 1843 அக்டோபரில் வெளிவந்தது. இது ஹென்றி பாக்ஸ் டால்பட்டின் 'இயற்கையின் தூரிகை' நூலுக்கு முந்தியது. அடுத்த பத்து ஆண்டுகளில் வெளியான பகுதிகளையும் சேர்த்து ஏறத்தாழ 400 படங்கள் இடம்பெற்றன. ஒவ்வொரு பிரதிக்கும் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே வெயிலில் அச்சிட வேண்டியிருந்ததால் சில பிரதிகளே உருவாயின. விளக்கவுரையும் அவரது கையெழுத்திலேயே இதே முறையில் அச்சானது.

1852 இல் தந்தை இறந்தபின் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1850களில் தோழி ஆன் டிக்சனுடன் இணைந்து பெரணிகள், பூக்கும் தாவரங்கள் ஆகியவற்றின் படத்தொகுப்புகளை உருவாக்கினார். 1865 இல் தம் உலர்தாவரத் தொகுப்பைப் பிரித்தானிய அருங்காட்சியகத்திற்கு வழங்கினார்.

மறதியும் மீட்பும்

பாசி நூலின் முன்னுரையில் 'ஏ. ஏ.' என்னும் முதலெழுத்துகள் மட்டுமே இருந்தன. அவர் மறைந்தபின், 19 ஆம் நூற்றாண்டின் இறுதியில், நூலின் பிரதி ஒன்றை வைத்திருந்த ஒருவர், அவை 'பெயரறியா ஆர்வலர்' என்பதன் ஆங்கிலச் சுருக்கம் எனக் கருதினார். 20 ஆம் நூற்றாண்டில் வரலாற்றாளர் லாரி ஷாப் மேற்கொண்ட ஆய்வுகளும், அவர் 1985 இல் வெளியிட்ட நூலும் அன்னாவின் பணியைப் பலரறியச் செய்தன.

அவர் முதல் பெண் ஒளிப்படக்காரர் என்றும் சிலர் குறிப்பிடுவர். ஆயினும் டால்பட்டின் மனைவி கான்ஸ்டன்ஸ் போன்றோரும் அதற்கு உரியவராகக் கூறப்படுவதால் இதில் ஒருமித்த கருத்து இல்லை.

ஹெர்ஷெலுக்கு அன்னா அளித்த பாசி நூற்பிரதி நியூயார்க் பொது நூலகத்தில் உள்ளது.