தங்கைக்காகப் பிறந்த மருத்துவமனை

நம்ம ஊர்ல கர்ப்பிணித் தாய்மார்களுக்கு அரசாங்கம் உதவித்தொகை கொடுக்குது இல்லையா? அந்தத் திட்டத்துக்கு டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பேரைத்தான் வெச்சிருக்காங்க. அவர் யார் தெரியுமா?

முத்துலட்சுமி 1886 ஜூலை 30-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். பெண் பிள்ளைகளைப் படிக்க அனுப்பத் தயங்கிய காலம் அது. ஆனால் அவர், ஆண்கள் படித்த மகாராஜா கல்லூரியில் சேர்ந்தார். 1907-ல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1912-ல் டாக்டர் ஆனார். 1927-ல் சென்னை சட்டசபைக்குப் போய், தேவதாசி முறையை ஒழிக்கப் பாடுபட்டார்.

அவருடைய தங்கை புற்றுநோயில் இறந்துபோனார். அக்கா டாக்டராக இருந்தும் காப்பாத்த முடியல! அந்தத் துக்கத்தோட அவர் சும்மா உட்காரவில்லை. புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேணும்னு பல வருஷம் போராடி நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954-ல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 12 படுக்கையோட திறந்தது. அப்போ அவருக்கு வயது 67! 1968 ஜூலை 22-ல் காலமானார்.

மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அந்தப் பணியைத் தொடர்ந்தார்கள். சென்னையில் யாருக்கு என்ன புற்றுநோய் வந்ததுன்னு எழுதி வைக்கும் பதிவேடு 1981-ல் அங்கே ஆரம்பமானது.

எழுதி வெச்சு என்ன லாபம்னு கேட்கிறீங்களா? நம்ம உடம்பின் மரபணு 4 எழுத்துகளால் ஆன புத்தகம் மாதிரி. அதில் சுமார் 300 கோடி எழுத்துகள் இருக்கு. புற்றுநோய் செல்லில் சில எழுத்துகள் மாறிப்போயிருக்கும். எது மாறியதுன்னு ஆய்வுக்கூடம் கண்டுபிடிக்கும். ஆனால் அந்த நோயாளிக்கு எந்த மருந்து கேட்டது, எத்தனை வருஷம் நல்லா இருந்தார் என்பது ஆஸ்பத்திரி ஃபைலில்தான் இருக்கும். இரண்டையும் கம்ப்யூட்டரில் சேர்த்துப் பார்த்தால் அடுத்த நோயாளிக்குச் சரியான மருந்தைத் தேர்ந்தெடுக்க உதவும். இந்தப் படிப்புக்கு உயிர்த் தகவலியல் என்று பெயர். 2025-ல் சென்னை ஐ.ஐ.டி. நம் நாட்டு மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தகவல்களைத் தொகுத்து வெளியிட்டது.

அதனால் நண்பர்களே, ஆறாத புண்ணோ கட்டியோ இருந்தால் மறைக்காதீங்க, சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டச் சொல்லுங்க. வீட்டில் யாராவது வைத்தியம் பார்த்தால் ஆஸ்பத்திரி சீட்டைத் தூக்கிப் போடாம பத்திரமா வைங்க. குணமான பிறகும் மறு பரிசோதனைக்குப் போகச் சொல்லுங்க. அந்த ஒரு வரி, முகம் தெரியாத இன்னொருவரின் தங்கையைக் காப்பாத்தலாம்.

ஒன்பதாம் வகுப்பு மாணவி,
சேத்தியாத்தோப்பு