ஐடா ஸ்கடர் அம்மையார்: மறுப்பும் அழைப்பும்

திண்டிவனத்தில் ஓரிரவு மூவர் வந்து கதவைத் தட்டிய வரலாற்றை வேலூர்ப் பகுதியில் அறியாதார் இலர். ஓய்வுநாட்பள்ளிச் சிறுவரும் அதனைச் சொல்வர். ஆயினும், அவ்விரவுக்கு முன்னர் ஐடா ஊழியத்தை ஏன் அத்துணை உறுதியாக மறுத்தார் என்று வினவுவாரைக் காணோம்.

அம்மையார் 1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். பாட்டனார் ஜான் ஸ்கடர் 1819-இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கை வந்த மருத்துவ மிஷனெரி; தந்தையாரும் அப்பணியினரே. இன்று தோல் பதனிடும் தொழிலாற் பெயர்பெற்ற இப்பகுதியை 1876 முதல் 1878 வரை கொடும்பஞ்சம் வாட்டிற்று. கையெடுத்து உண்ணவும் வலியற்றுக் கிடந்த குழந்தைகளின் வாயில் ஐடா ரொட்டித் துண்டுகளை இட்டாள். ஆறேழு வயதுச் சிறுமி காணத்தக்க காட்சியோ அது!

பின்னர்க் குடும்பத்தார் அமெரிக்கா சென்றனர். தந்தையார் முதலில் இந்தியா மீண்டார். பின்பு தாயாரும் மகளைச் சிகாகோவில் உறவினர் இல்லத்தில் விட்டுப் புறப்பட்டார். அன்றிரவு தாயின் வெறுங்கட்டிலில் விழுந்து அவள் தேம்பி அழுதாள் என்பர். ஸ்கடர் குடும்பத்தில் பலரும் மிஷனெரிகளாயிருக்கத் தான் மட்டும் ஆவதில்லை என்று அவள் உறுதிகொண்டது வியப்பன்று.

உள்ளத்தின் ஆழத்தை ஆராய்ந்தவருள் பிராய்டும் யூங்கும் தலையாயவர். அடக்கிய துயரம் அழிவதில்லை. நனவுக்குக் கீழே கரந்திருந்து நம் விருப்பு வெறுப்புக்களை ஆளும் என்பது பிராய்டின் கொள்கை. நம்முடையதன்று என நாம் தள்ளிய பகுதி நிழலாய் நம்முடன் வரும் என்பது யூங்கின் கருத்து. இவற்றைக் கொண்டு நோக்கின், ஐடாவின் மறுப்பு நெஞ்சின் கடுமையன்று, ஆறாத புண்ணேயாம்.

1890-இல் தாயார் நோயுற்றமையால், சிறிது காலமே தங்கும் எண்ணத்துடன் ஐடா திண்டிவனம் வந்தார். ஓரிரவு பிராமணர் ஒருவரும், முஸ்லிம் ஒருவரும், வேறோர் இந்துவும் ஒருவர்பின் ஒருவராய் வந்தனர். பேறுகால வேதனையிலிருந்த தம் மனைவியரைக் காக்க வருமாறு வேண்டினர். தாம் மருத்துவம் அறியாமையைச் சொல்லித் தந்தையாரை அனுப்புவதாக ஐடா கூறினார். ஆடவர் தீண்டுதல் ஆகாதென்று மூவரும் திரும்பினர். ஐடாவுக்கு உறக்கம் வரவில்லை. விடிந்தபின் மூன்று பெண்களும் மாண்ட செய்தி வந்தது.

இதனைத் தேவ அழைப்பென்பர் நம் சபையார். யானும் அங்ஙனமே நம்புகின்றேன். ஆயின் அவ்வழைப்பு விழுந்த நிலம் தரிசன்று. பஞ்சத்துக் குழந்தைகளையும் தாயற்ற இரவையும் முன்னரே அறிந்த உள்ளம் அது. உளநூல் பேசினால் விசுவாசம் குன்றுமென அஞ்சும் நண்பர் என்னைப் பொறுப்பாராக.

அம்மையார் 1899-இல் கார்னெல் மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே கட்டிலுடன் மருத்துவம் தொடங்கினார். அவ்வாண்டே தந்தையார் மறைந்தார். 1902-இல் மேரி டேபர் ஷெல் மருத்துவமனையும், 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் எழுந்தன. அப்பள்ளியே பின்னர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியாயிற்று.

மருத்துவமனைக்கு வர இயலாதாரை நாடி அம்மையார் குடியாத்தம் சாலையிற் செல்வார். தாய்மார் குழந்தைகளை ஏந்தி வழியோரம் காத்திருப்பர். மரத்தடியில் வண்டியை நிறுத்தி மருந்து கொடுப்பார். 1960-ஆம் ஆண்டு மே மாதம் கோடைக்கானலில் தம் 89-ஆம் வயதில் அவர் மறைந்தார்.