சவப்பெட்டிக் கடைக்காரரின் சாப்பாட்டுத் தட்டு

பந்திங் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது சிலாங்கூரில் கோல லங்காட் பக்கம் இருக்கும் ஊர்தான். போன செமஸ்டர் விடுமுறையில் ஜாசின் வீட்டில் உட்கார்ந்து வில்லியம் பேண்டிங் என்பவரைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலத்தில் பெயரின் எழுத்துகளும் அவையே என்பதால், அப்பா அந்த ஊரைப் பற்றித்தான் ஏதோ படிக்கிறேன் என்று நினைத்துவிட்டார். ஊருக்கும் இவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை. இவர் லண்டன்காரர், இறந்து ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் எங்கள் வீட்டுச் சோற்றுப்பானையைப் பற்றிய சண்டைக்கு நடுவே அவர் வந்து நின்றார்.

அப்பாவுக்கு இனிப்புநீர். தாத்தாவுக்கும் இருந்தது. தோட்டத்தை விட்டு வெளியே வந்த சில ஆண்டுகளில் தாத்தாவின் ஒரு காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதைப் பார்த்த பயத்தில் அப்பா, யாரோ சொன்னதைக் கேட்டு ஒரே நாளில் சோறு, ரொட்டி, சீனி எல்லாவற்றையும் நிறுத்தினார். மாத்திரையை மட்டும் வழக்கம்போல் போட்டுக்கொண்டார். மூன்றாம் நாள் காலையில் வியர்த்துக்கொட்டி, கை நடுங்கி, மோட்டார் சைக்கிளோடு வாசலிலேயே சாய்ந்தார். சீனித் தண்ணீர் கொடுத்துத்தான் தெளிய வைத்தோம். மாவுச்சத்தைக் குறைப்பது நல்லதா ஆபத்தா என்று தேடப் போனபோதுதான் பேண்டிங்கிடம் போய்ச் சேர்ந்தேன்.

பேண்டிங் 1796ஆம் ஆண்டின் இறுதியில் பிறந்தவர். குடும்பத் தொழில் மரச்சாமான், வீட்டு அலங்காரம், அவற்றோடு ஈமச்சடங்கு ஏற்பாடு. லண்டன் செயின்ட் ஜேம்ஸ் வீதியில் கடை. பிரிட்டிஷ் அரச குடும்பத்தின் இறுதி ஊர்வலங்கள் அந்தக் கடையின் பொறுப்பு. 1820இல் மூன்றாம் ஜார்ஜ் மன்னர், 1830இல் நான்காம் ஜார்ஜ், 1852இல் நெப்போலியனை வென்ற வெலிங்டன் கோமகன், 1861இல் விக்டோரியா மகாராணியின் கணவர் ஆல்பர்ட் என்று நாட்டின் பெரிய மனிதர்களை எல்லாம் கடைசிப் பயணம் அனுப்பி வைத்தவர்கள் அவர்கள். மரியாதையும் பணமும் நிறைந்த வாழ்க்கை. ஆனால் முப்பது வயதைத் தாண்டியதிலிருந்து பேண்டிங்குக்கு ஒரே கவலை, ஏறிக்கொண்டே போன உடம்பு.

அவர் சோம்பேறி அல்ல. மருத்துவர் ஒருவர் உடற்பயிற்சி செய்யச் சொன்னதும் காலையில் எழுந்து இரண்டு மணி நேரம் படகு வலித்தார். கைக்கு வலு வந்தது. கூடவே பயங்கரப் பசியும் வந்தது. உடம்பு இன்னும் ஏறியது. குதிரைச் சவாரி, கடல் குளியல், ஊர் ஊராகப் போய் ஊற்று நீர் குடிப்பது எல்லாம் பார்த்தார். நீராவிக் குளியல் ஐம்பது முறை எடுத்துக் குறைந்தது ஆறு பவுண்டுதான், மூன்று கிலோகூட இல்லை. அறுபத்தைந்து வயதில் குனிந்து சப்பாத்துக் கயிறு கட்ட முடியாது; முழங்கால் வலி தாங்காமல் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவார். வீதியில் போகிறவர்களின் கேலியும் இருந்தது. அதற்குப் பயந்து பொது இடங்களைத் தவிர்த்தார் என்று படித்தபோது, நான் படித்த இடைநிலைப்பள்ளியில் குண்டான மாணவர்களுக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர்கள் ஞாபகத்துக்கு வந்து சங்கடப்படுத்தின.

திருப்பம் காது வழியாக வந்தது. 1862இல் காது மந்தமாகிக்கொண்டே போக, வில்லியம் ஹார்வி என்ற காது மருத்துவரிடம் போனார். (இரத்த ஓட்டத்தைக் கண்டறிந்த ஹார்வி வேறு, அவர் இவருக்கு இருநூறு ஆண்டு மூத்தவர்.) இந்த ஹார்வி பாரிஸில் கிளோட் பெர்னார்ட் என்ற அறிஞரின் விரிவுரையைக் கேட்டவர். கல்லீரல் சர்க்கரையை உண்டாக்குகிறது என்பது பெர்னார்டின் கண்டுபிடிப்பு. இனிப்புநீர் நோயாளிக்குச் சீனியும் மாவுப்பண்டமும் ஆகாது என்பது அப்போதே தெரிந்த சங்கதி. கால்நடைகளைக் கொழுக்க வைக்க மாவுத்தீனி போடுகிறார்கள் என்பதும் தெரியும். இரண்டையும் சேர்த்து யோசித்த ஹார்வி, பேண்டிங்கின் காதை அடைப்பது கொழுப்புதான் என்று முடிவு கட்டி, ஒரு சாப்பாட்டுப் பட்டியலைக் கொடுத்தார்.

அதுவரை பேண்டிங்கின் சாப்பாடு ரொட்டியும் பாலும், சீனி போட்ட தேநீர், வெண்ணெய் தடவிய ரொட்டி, பியர், மாவுப் பலகாரம். ஹார்வி விலக்கியவை ரொட்டி, வெண்ணெய், பால், சீனி, பியர், உருளைக்கிழங்கு. அனுமதித்தவை காலையில் நான்கைந்து அவுன்ஸ் இறைச்சி அல்லது மீன், பாலும் சீனியும் இல்லாத தேநீர், காய்ந்த ரொட்டி ஒரே ஒரு அவுன்ஸ். மதியம் மீன் அல்லது இறைச்சி, கிழங்கு தவிர்த்த காய்கறி. மாலையில் கொஞ்சம் பழம். இரவில் மறுபடி இறைச்சி அல்லது மீன். நடுநடுவே இரண்டு மூன்று கோப்பை ஒயினும் உண்டு. அந்தப் பகுதியை அப்பாவுக்குப் படித்துக்காட்டவில்லை.

1862 ஆகஸ்டு 26ஆம் தேதி பேண்டிங்கின் எடை 202 பவுண்டு, ஏறக்குறைய 92 கிலோ. உயரமோ ஐந்தடி ஐந்து அங்குலம். ஓராண்டு கழித்து, 1863 செப்டம்பரில் 156 பவுண்டு. இருபத்தொரு கிலோ கரைந்திருந்தது. இடுப்புச் சுற்றளவு பன்னிரண்டு அங்குலத்துக்கும் மேல் குறைந்திருந்தது. படியில் நேராக இறங்கினார். காதும் தெளிந்தது.

இதோடு நின்றிருந்தால் அவரை யாருக்கும் தெரிந்திருக்காது. 1863 மே மாதம் தன் அனுபவத்தைப் பொதுமக்களுக்கு ஒரு கடிதமாக எழுதிச் சொந்தச் செலவில் அச்சடித்து இலவசமாகக் கொடுத்தார். தேதி வாரியாகத் தன் எடையையும் அதில் அட்டவணை போட்டிருந்தார். கேட்பவர்கள் பெருகவே, பின்னர் வந்த பதிப்பு விலைக்குப் போனது, ஆயிரக்கணக்கில் விற்றது. லாபத்தைத் தர்மத்துக்குக் கொடுத்தார். உணவுக்கட்டுப்பாடு இருப்பதற்கு ஆங்கிலத்தில் அவர் பெயரே வினைச்சொல்லாகிவிட்டது. சுவீடன் மொழியில் இன்றைக்கும் அந்தச் சொல் புழக்கத்தில் இருக்கிறது.

மருத்துவர்கள் கொதித்தார்கள். சவப்பெட்டி செய்கிறவருக்கு மருத்துவம் எதற்கு என்ற ஏளனம் ஒரு பக்கம். மறுபக்கம் நியாயமான கேள்வி ஒன்றும் இருந்தது. ஒரே ஒரு ஆளின் அனுபவத்தை வைத்து எல்லாருக்கும் எப்படிச் சொல்வது? ஹார்விக்கும் சக மருத்துவர்களிடம் அடி விழுந்தது. 1872இல் தன் தரப்பை அவர் தனி நூலாக எழுத வேண்டிவந்தது. பேண்டிங் அசரவில்லை. மறுபதிப்புகளில் தனக்கு வந்த கடிதங்களைப் பற்றியும் எழுதினார். 1878இல் எண்பத்தொரு வயதில் இறந்தார். இன்சுலின் கண்டுபிடித்து 1923இல் நோபல் பரிசு பெற்ற ஃபிரெடரிக் பேண்டிங்குக்கும் இதே குடும்பப் பெயர்.

அந்தக் கேள்வியை நான் தள்ளிவிடவில்லை. பேண்டிங்குக்கு இனிப்புநீர் இருக்கவில்லை, மாத்திரை போடவில்லை. அப்பாவுக்கு இரண்டும் உண்டு. மாத்திரை இரத்தத்தில் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். தட்டில் மாவுச்சத்து திடீரென்று நின்றுபோனால் சர்க்கரை அதலபாதாளத்துக்குப் போகும். வாசலில் நடந்தது அதுதான். மருந்தின் அளவை மருத்துவர் சரிபார்க்காமல் தட்டை மட்டும் மாற்றக்கூடாது. சென்னை இராயபுரத்தில் இனிப்புநீருக்கென்றே மருத்துவமனை நடத்திய டாக்டர் எம். விசுவநாதன் பேண்டிங்குக்கு நேர் எதிரான வழியில் போனவர். மாவுச்சத்தை ஒழிக்காமல், பருப்பு, காய்கறி, முழுத்தானியம் என்று நார்ச்சத்தோடு சேர்த்துச் சாப்பிடச் சொன்னார். இருவரும் ஒத்துப்போகும் இடம் சீனி மட்டும்தான் போலும்.

2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர், இந்தியர்களிடையே 31.4 விழுக்காடு. விடிகாலையில் பால்மரம் வெட்டப் போன காலத்தில் இரண்டு தட்டுச் சோறு உடம்பில் தங்கவில்லை. மரங்கள் போய்விட்டன, தோட்டம் போய்விட்டது, தட்டின் அளவு மட்டும் அப்படியே இருக்கிறது.

மருத்துவமனையில் மாத்திரையைக் குறைத்து எழுதிக்கொடுத்த பிறகு, அம்மாவும் நானும் ஜாசின் சந்தைக்குப் போனோம். பேண்டிங்கின் ஆட்டிறைச்சி நமக்குக் கட்டாது. ஆனால் கெம்போங் மீன், முட்டை, நெத்திலி, தெம்பே, தவ்கே, சாவிக் கீரை, வெண்டைக்காய் எல்லாம் கிடைத்தன. முருங்கைக்கீரை வீட்டு வேலியிலேயே இருக்கிறது. பாகற்காயைப் பக்கத்து வீட்டு அத்தை கொடுத்தார். கடினமான வேலை தே தாரிக்கை விடுவதுதான். டின் பாலில் எவ்வளவு சீனி என்று டின்னைத் திருப்பிக் காட்டியபோது அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு வாரம் கழித்து அவரே கோப்பி ஓ கோசோங்குக்கு மாறினார். சோறு மதியம் ஒரு கைப்பிடி உண்டு. அதை எடுக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மருத்துவரும் எடுக்கச் சொல்லவில்லை.

கடைக் கடன் எழுதுவதற்கு அம்மா வாங்கி வைத்திருந்த 555 புத்தகம் ஒன்று காலியாக இருந்தது. அதில் இப்போது அப்பா பேண்டிங்கைப் போலவே தேதி போட்டுக் காலைச் சர்க்கரை அளவையும் சனிக்கிழமை எடையையும் எழுதி வருகிறார். நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பும்போது ஆறாவது பக்கத்தில் இருந்தார். தீபாவளி வாரத்துக்கு மட்டும் எதுவும் எழுதவில்லை.