மூன்று தட்டுகளும் ஒரு சுரண்டியும்

பொறியியல் வரலாற்றின் பெரும் பெயர்கள் நீராவி எஞ்சினோடும் இருப்புப் பாதையோடும் சேர்த்தே நினைக்கப்படுகின்றன. இரும்புத் தட்டைச் சமதளமாக்குவதில் இளமையைச் செலவிட்ட ஜோசப் விட்வொர்த்தை நம்மில் பலர் அறிந்திருப்பது, அவர் பெயர் தாங்கிய திருகு மரையின் வழியாகத்தான். அந்த மரையைவிட அந்தத் தட்டே பெரிய சாதனை என்பது என் கருத்து.

1803 டிசம்பர் 21 அன்று இங்கிலாந்தின் ஸ்டாக்போர்ட் நகரில், பள்ளி ஆசிரியர் ஒருவரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்தார். தந்தை சமயப் பணிக்குச் சென்றுவிட, 14 வயதில் டெர்பிஷயரில் உறவினர் ஒருவரின் பஞ்சாலைக்கு அனுப்பப்பட்டார். நூலில் அல்ல, நூற்கும் இயந்திரங்களிலேயே அவர் மனம் லயித்தது. ஆலையின் வாரிசாகும் வாய்ப்பை உதறிவிட்டு மான்செஸ்டர் பட்டறைகளில் தொழிலாளியானார். 1825-இல் லண்டன் சென்று, அக்காலத்தின் தலைசிறந்த இயந்திர வல்லுநரான ஹென்றி மாட்ஸ்லேயிடம் பணியில் சேர்ந்தார்.

நேர்கோடும் சமதளமும் இல்லாமல் துல்லியமான இயந்திரம் எதுவும் இல்லை. ஆனால், முதல் சமதளத்தை எதைக்கொண்டு சரிபார்ப்பது? இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று பொருத்தினால், ஒன்று குழிந்தும் மற்றொன்று அதே அளவில் புடைத்தும் இருந்தாலும் அவை கச்சிதமாகப் பொருந்திவிடும். மூன்றாவது தட்டு வந்தால் அந்தப் பொய் வெளிப்படும். மூன்றும் மாறி மாறி ஒன்றோடொன்று பொருந்த வேண்டுமானால், மூன்றும் சமதளமாக இருந்தே தீர வேண்டும்.

இம்முறையின் மூலவர் விட்வொர்த்தே என்போர் உண்டு. மாட்ஸ்லே பட்டறையில் அது முன்பே வழக்கில் இருந்தது என்போரும் உண்டு. இரண்டாவது தரப்பே எனக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. விட்வொர்த்துக்கு உரியது வேறொன்று. அதுவரை எமரித் தூளிட்டுத் தட்டுகளை ஒன்றோடொன்று தேய்த்துவந்தனர். தூள் ஒரே சீராகப் பரவுவதில்லை. எங்கு எவ்வளவு தேய்கிறது என்பது தொழிலாளியின் கட்டுப்பாட்டில் இல்லை. தேய்ப்பதைக் கைவிட்டுச் சுரண்டியைக் கையில் எடுக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். மேடு எங்கே இருக்கிறதோ, அங்கே மட்டும் உலோகத்தை எடுக்கும் கருவி அது.

தொழிற்பயிற்சி நிலையத்தில் ஃபிட்டர் பிரிவில் பயின்றபோது வார்ப்பிரும்பைச் சுரண்டியவன் என்பதால், அந்த வற்புறுத்தலின் கனம் எனக்குப் புரிகிறது. சர்பேஸ் பிளேட்டில் நீலத்தை மெலிதாகப் பூசி, அதன்மேல் வேலைத்துண்டைத் தேய்த்தால், மேடுகளில் மட்டும் நீலம் ஒட்டும். முதலில் இரண்டு மூன்று திட்டுகளே தெரியும். அவற்றைச் சுரண்டிவிட்டு மீண்டும் தேய்த்தால், வேறிடங்களில் புதிய திட்டுகள் முளைக்கும். நாள் முழுவதும் உழைத்தும் வேலை பின்னோக்கிப் போவதாகவே தோன்றும். பிறகு திட்டுகள் சிறுத்து, பெருகி, தட்டெங்கும் புள்ளிகளாகப் பரவும். சுரண்டியின் முனை மழுங்கியதை அதன் ஓசையே சொல்லிவிடும். இதை எந்தப் பாடநூலிலும் நான் படித்ததில்லை.

விட்வொர்த் 1833-இல் மான்செஸ்டர் திரும்பி, நீராவி விசையுடன் கூடிய ஓர் அறையை வாடகைக்கு எடுத்துத் தொழில் தொடங்கினார். 1840-இல் கிளாஸ்கோவில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தின் முன் சமதளம் பற்றிய தம் கட்டுரையைப் படித்தார். தொழில் இரகசியமாகக் காத்திருக்கக்கூடியதை அவர் பொதுவில் வைத்தார் என்பதே இதில் முக்கியம். மறு ஆண்டு, 55 பாகைக் கோணத்தில் சீரான திருகு மரைகளை முன்மொழிந்தார். 1851-ஆம் ஆண்டின் லண்டன் பெருங்கண்காட்சியில், அங்குலத்தின் பத்து லட்சத்தில் ஒரு பங்கை உணர்த்தும் அளவுக்கருவியைக் காட்டினார்.

பின்னாளில் அவர் துப்பாக்கியின் பக்கம் திரும்பினார். அறுகோணத் துளை கொண்ட அவரது துப்பாக்கி 1857 சோதனைகளில் துல்லியத்தில் வென்றும், பிரிட்டிஷ் படை அதை ஏற்கவில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலப் படையின் குறிவல்லார் அதைப் பயன்படுத்தினர். அளவின் நேர்மைக்காக உழைத்த கை கொலைக்கருவிக்கும் அதே நேர்மையைத் தந்தது என்பதை, அவர் வாழ்வை எழுதுவோர் விரைந்து கடந்துவிடுகின்றனர். எனக்கு அது அவ்வளவு எளிதாக இல்லை.

1868-இல், ஆண்டுக்கு 100 பவுன் வீதம் 30 உதவித்தொகைகளை நிறுவினார். கணிதமும் இயந்திரவியலும் மட்டும் கற்றவர்க்கு அது எட்டாது. அரம் பிடிக்கவும் உலையில் வேலை செய்யவும் தெரிந்திருக்க வேண்டும் என்று விதித்தார். 1887 ஜனவரி 22 அன்று மான்டே கார்லோவில் காலமானார். டெர்பிஷயரின் டார்லி டேலில், தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார்.