கசப்பை விற்றுக் கோடீசுவரர் ஆனவர்!

இங்கிலாந்து நாட்டின் நடுப்பகுதியில் டிரென்ட் என்று ஓர் ஆறு ஓடுகிறது. அதன் கரையில் இருக்கிறது பர்ட்டன் என்ற ஊர். ஒரு காலத்தில் அது சிற்றூர். பிறகு, உலகத்திலேயே மிகப் பெரிய பீர் ஆலை உள்ள ஊர் என்று பெயர் பெற்றது.

அந்தப் பெயரை வாங்கிக் கொடுத்தவர் மைக்கேல் தாமஸ் பாஸ். இந்தியா பேல் ஏல் என்ற கசப்பு பீரை உலகம் எங்கும் கொண்டு சென்றவர் அவர். பெரிய கோடீசுவரர். பாராளுமன்ற உறுப்பினர். ஆனால், பிரபு பட்டம் தேடி வந்தபோது வேண்டாம் என்று சொன்னவர்!

அவருடைய வாழ்க்கையைப் பார்ப்போம்.

தாத்தா வண்டிக்காரர்

பாஸின் தாத்தா பெயர் வில்லியம் பாஸ். வண்டிகளில் சரக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். அதில் சேர்த்த பணத்தைப் போட்டு, 1777-ம் ஆண்டில் பர்ட்டனில் சொந்தமாகப் பீர் ஆலை தொடங்கினார்.

பேரன் பிறந்தது 1799-ம் ஆண்டு ஜூலை 6-ந் தேதி. தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். மகன் 18-வது வயதிலேயே ஆலை வேலைக்கு வந்துவிட்டார். 1827-ம் ஆண்டில் தந்தை காலமானார். ஆலைப் பொறுப்பு முழுவதும் மகன் தலையில் விழுந்தது. அப்போது அவருக்கு வயது 27.

அது கஷ்டமான காலம். பர்ட்டன் பீரை ரஷ்யாவும் அதன் அருகில் உள்ள நாடுகளும் நிறைய வாங்கி வந்தன. நெப்போலியன் நடத்திய போர்களால் அந்த வியாபாரம் படுத்தது. 1822-ம் ஆண்டில் ரஷ்யா கடுமையான வரி போட்டது. பழைய வாடிக்கைக் கதவு மூடிவிட்டது.

வேறு கதவைத் தட்ட வேண்டும். அந்தக் கதவுதான் இந்தியா!

கப்பலில் வந்த பீர்

இந்தியாவில் இருந்த வெள்ளைக்கார அதிகாரிகளுக்கும் வணிகர்களுக்கும் லண்டனில் இருந்து பீர் வந்து கொண்டிருந்தது. அதை அனுப்பியவர்கள் ஹாட்சன் குடும்பத்தார். அவர்களுடைய ஆலை, கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. கப்பல் தலைவர்களுக்குத் தாராளமாகக் கடனும் கொடுத்தார்கள். அதனால் வியாபாரம் அவர்கள் கையில் இருந்தது.

அப்போது சூயஸ் கால்வாய் கிடையாது. ஆப்பிரிக்காவைச் சுற்றித்தான் வர வேண்டும். பயணம் பல மாதங்கள் பிடிக்கும். பூமத்திய ரேகையை இரண்டு முறை தாண்ட வேண்டும். சென்னையில் அப்போது துறைமுகமும் இல்லை. கப்பல்கள் கடலில் தள்ளி நிற்கும். மசூலாப் படகுகளில் அலையைத் தாண்டித்தான் சரக்குகள் கரைக்கு வரும்.

இத்தனை நாள் வெயிலில் கிடந்தால் பீர் புளித்துப் போகாதா? போகாமல் காப்பாற்றியது ஹாப்ஸ் என்ற கொடியின் பூ. அது நல்ல கசப்பு. பீர் கெடாமல் தடுக்கும் குணம் அதற்கு உண்டு. அதனால், நெடுந்தூரம் போகும் பீரில் அதை அதிகம் போட்டார்கள்.

கசப்பும் இனிப்பும்

கசப்பு மட்டும் இருந்தால் யார் குடிப்பார்கள்? அதைச் சமன் செய்வது மால்ட்.

மால்ட் என்பது முளைகட்டிய பார்லி. நம் வீட்டில் குழந்தைக்குக் கஞ்சி காய்ச்சக் கேழ்வரகை முளைகட்டி, காயவைத்து, அரைக்கிறோம் அல்லவா? அதே முறைதான். தானியம் முளைக்கும்போது, அதில் உள்ள மாவுப்பொருளைச் சர்க்கரையாக மாற்றும் சத்து உண்டாகிறது. அரைத்த மால்ட்டை வெந்நீரில் ஊறவைத்தால் இனிப்பான சாறு கிடைக்கும். அதில் ஹாப்ஸ் பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறியதும் ஈஸ்ட் சேர்த்தால் பீர் ஆகிறது.

சித்திரை வருடப் பிறப்பு அன்று வேப்பம்பூவோடு வெல்லம் சேர்த்துப் பச்சடி செய்கிறோம். வெல்லம் குறைந்தால் கசக்கும். வேப்பம்பூ குறைந்தால் வெறும் பாகு. இரண்டும் அளவோடு இருந்தால்தான் ருசி. பேல் ஏலின் ரகசியமும் அதுவே!

தேநீர்க் கெண்டியில் பிறந்த பீர்

பர்ட்டனில் பாஸுக்குப் போட்டியாக இருந்தவர் சாமுவேல் ஆல்சாப். 1822-ம் ஆண்டு வாக்கில், கிழக்கிந்தியக் கம்பெனி டைரக்டர் மார்ஜரிபாங்ஸ் அவரை விருந்துக்கு அழைத்தார். இந்தியாவுக்குப் பீர் அனுப்பும்படி யோசனை சொன்னார்.

ஆல்சாப், ஹாட்சன் பீர் கொஞ்சம் வரவழைத்தார். தம் ஆலையில் மால்ட் செய்யும் ஜாப் குட்ஹெட் என்பவரிடம் கொடுத்தார். வாயில் விட்ட குட்ஹெட், கசப்புத் தாங்காமல் துப்பிவிட்டாராம்! ஆனாலும், தம்மால் அதைச் செய்ய முடியும் என்றார். ஒரு தேநீர்க் கெண்டியில் காய்ச்சிக் காட்டினார் என்று கதை சொல்வார்கள். இளஞ்சூட்டில் காயவைத்த வெளிர் நிற மால்ட்தான் அதற்கு அடிப்படை.

பாஸ் ஆலையும் விரைவில் அந்த வழியில் இறங்கியது. இளைஞர் பாஸ் பொறுப்பு ஏற்ற சில ஆண்டுகளில், இந்தியாவுக்குப் பீர் அனுப்புவதில் ஹாட்சனையே முந்திவிட்டார்!

பர்ட்டன் கிணற்று நீரும் அவருக்குக் கைகொடுத்தது. அதில் ஜிப்சம் என்ற உப்பு கலந்திருக்கிறது. அது ஹாப்ஸின் கசப்பைத் துலக்கமாகக் காட்டும். பீரும் கலங்காமல் தெளிந்து நிற்கும். வேறு ஊர் ஆலைக்காரர்கள் பின்னாளில் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து பர்ட்டன் நீர் போல ஆக்கினார்கள்.

1839-ம் ஆண்டில் பர்ட்டனுக்கு ரெயில் வந்தது. உள்நாட்டிலும் வியாபாரம் பெருகியது. 1868-ம் ஆண்டில் லண்டனில் செயின்ட் பாங்க்ரஸ் ரெயில் நிலையம் திறந்தார்கள். பர்ட்டன் பீப்பாய்களை அடுக்குவதற்குத் தோதாகவே அதன் கீழ்த்தளத் தூண்களை நிறுத்தினார்கள்!

எட்டிக்காய் புரளி

1852-ம் ஆண்டில் பெரிய ஆபத்து வந்தது. ஆங்கிலேயரின் கசப்பு பீரில் ஸ்டிரிக்னின் கலக்கிறார்கள் என்று பிரான்சில் இருந்து ஒரு செய்தி பரவியது. அது எட்டிக்கொட்டையில் உள்ள விஷம்! ஊரே பீதி அடைந்தது. விஷம் என்று பெயர் எடுத்தால் ஆலையை மூட வேண்டியதுதான். ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பு இழக்கும்.

கிரகாம், ஹாஃப்மன் என்ற இரண்டு பெரிய ரசாயன நிபுணர்கள் ஆல்சாப் பீரைச் சோதித்தார்கள். லான்செட் என்ற மருத்துவப் பத்திரிகை, பாஸ் பீரையும் சேர்த்துச் சோதித்தது. விஷம் துளியும் இல்லை. கசப்பு முழுவதும் ஹாப்ஸ் பூவின் கசப்பே என்று தெரிந்தது. புரளி அடங்கியது.

பின்னர், அதே ஹாஃப்மனிடம் வேலை பார்த்த ஓசலிவன் என்ற இளைஞர் பாஸ் ஆலையில் ரசாயன நிபுணராகச் சேர்ந்தார். மால்ட் சாற்றில் உள்ள சர்க்கரை, மால்டோஸ் என்ற தனி வகை என்று 1872-ம் ஆண்டில் அவர் உறுதி செய்தார். இனிப்பின் ரகசியம் விஞ்ஞானம் ஆயிற்று!

முதல் முத்திரை

நல்ல சரக்குக்குப் போலி வருவது வழக்கம். பாஸ் பீருக்கும் வந்தது. 1876-ம் ஆண்டு ஜனவரி 1-ந் தேதி இங்கிலாந்தில் வணிக முத்திரைச் சட்டம் அமலுக்கு வந்தது. அன்று முதல் எண்ணில் பதிவானது பாஸின் சிவப்பு முக்கோணம். 1882-ம் ஆண்டில் பிரெஞ்சு ஓவியர் மானே தீட்டிய புகழ்பெற்ற மதுக்கடை ஓவியத்திலும் அந்த முக்கோணப் புட்டிகள் இருக்கின்றன.

பட்டம் வேண்டாம்

1848-ம் ஆண்டு முதல் 35 ஆண்டுகள், டெர்பி நகரின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தார் பாஸ். ரெயில் தொழிலாளர்கள் அப்போது ஓய்வே இல்லாமல் உழைத்தார்கள். தூக்கக் கலக்கத்தில் விபத்துகள் நடந்தன. பாஸோ ரெயில்வேக்குப் பெரிய வாடிக்கைக்காரர். கம்பெனியைப் பகைத்தால் அவருக்குத்தான் நஷ்டம். ஆனாலும் தொழிலாளர்களின் பக்கம் நின்றார். 1871-ம் ஆண்டில் அவர்கள் சங்கம் அமைக்கப் பணமும் ஆதரவும் தந்தார்.

டெர்பி மக்களுக்கு நூல்நிலையமும் பொருட்காட்சிசாலையும் கட்டிக் கொடுத்தார். விளையாட்டு மைதானமும் கொடுத்தார். பிரபு பட்டத்தை மட்டும் ஏற்கவில்லை. சாதாரண குடிமகனாகவே இருந்து, 1884-ம் ஆண்டு ஏப்ரல் 29-ந் தேதி, 84-வது வயதில் காலமானார்.

இன்று

பாஸ் குடும்பத்தின் பீர்த் தொழில் 2000-ம் ஆண்டில் பெல்ஜியம் கம்பெனி ஒன்றுக்குக் கைமாறியது. சிவப்பு முக்கோணம் மட்டும் நிலைத்திருக்கிறது.

இந்தியா பேல் ஏலிலும் இப்போது பல வகை. அமெரிக்க வகையில் ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும். ஆரஞ்சுத் தோல் வாசனையும் பைன் மர வாசனையும் வீசும். ஆங்கில வகையில், பிஸ்கட் போலவும் மிட்டாய்ப் பாகு போலவும் மால்ட் ருசி தெரியும். தேன் நிறமாக இருக்கும். கசப்பும் இனிப்பும் சமமாக வேண்டும் என்பவர்கள் ஆங்கில வகை என்று பார்த்துத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். சில புட்டிகளில் கசப்பு எண் போட்டிருக்கும். அதை மட்டும் நம்பினால் ஏமாறுவோம். மால்ட் நிறைய இருந்தால், எண் பெரிதாக இருந்தாலும் கசப்பு உறைக்காது.

மது எதுவானாலும் அளவு மீறினால் குடும்பத்தைக் கெடுக்கும். அதில் சந்தேகம் இல்லை. ஆனால், பாஸின் வாழ்க்கையில் கற்க வேண்டியது ஒன்று உண்டு. கசப்பை விற்றவர், தம் செல்வத்தைப் பிறர் வாழ்வு இனிக்கவும் செலவிட்டார். அதனால்தான் டெர்பியில் அவருக்குச் சிலை வைத்தார்கள்!