ஆட்ரி என்னும் பெயர் தந்த அரசி

நம் அகராதிகளில் 'டாட்ரி' என்றோர் ஆங்கிலச் சொல் உண்டு. பளபளப்பாக இருந்தாலும் மதிப்பற்றது, மலிவான பகட்டு என்பது அதன் பொருள். 'ஆட்ரி' என்பதோ ஆங்கிலப் பெண்களுக்கு வழங்கும் அழகிய பெயர். இவ்விரண்டும் ஒரே புனிதையின் பெயரிலிருந்து பிறந்தவை என்றால் வியப்பாக இருக்கிறதல்லவா? அப்புனிதை அரண்மனையைத் துறந்து கன்னியர் மடம் புகுந்த ஓர் அரசி.

ஏறக்குறைய 636ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா நாட்டு மன்னர் அன்னாவுக்கு மகளாகப் பிறந்தார் அவர். (அன்னா என்பது அக்காலத்தில் அங்கே ஆண் பெயர்.) மகளுக்கு இட்ட பெயர் எத்தல்திரித். 'எத்தல்' என்றால் உயர்குலம். 'திரித்' என்றால் வலிமை. இலத்தீனில் எழுதியவர்கள் இதனை எத்தல்திரேதா என்றனர். மக்கள் நாவிலே நூற்றாண்டுக் கணக்கில் புரண்டு தேய்ந்து, கடைசியில் இப்பெயர் ஆட்ரி ஆயிற்று.

இளமையிலேயே இறைவனுக்குத் தம்மை முழுவதும் ஒப்படைக்க அவர் விரும்பினார். ஆனால் அரசிளங்குமரிகளின் திருமணம் அந்நாளில் நாடுகளுக்கிடையே செய்யப்படும் உடன்படிக்கை. தொன்பர்ட் என்ற சிற்றரசருக்கு அவர் மணமுடிக்கப்பட்டார். சில ஆண்டுகளில் கணவர் இறந்தார். பின்னர், 660ஆம் ஆண்டில், நார்தம்பிரியா நாட்டு இளவரசர் எக்ஃபிரித்துக்கு மறுபடியும் மணமுடித்தனர். மணமகன் பதினைந்து வயதுச் சிறுவர். மணமகள் அவரினும் மூத்தவர். இரண்டு மணவாழ்விலும் அவர் தம் கன்னிமையைக் காத்தார் என்று வரலாறு கூறுகிறது.

670ஆம் ஆண்டில் எக்ஃபிரித் அரியணை ஏறினார். சிறுவராக இருந்தபோது ஏற்றுக்கொண்டதை மன்னரான பின் அவர் ஏற்கவில்லை. அரசியின் மனத்தை மாற்றினால் நிலமும் பெரும் பொருளும் தருவதாக ஆயர் வில்ஃபிரிதுக்கு ஆசை காட்டினார். ஆயரோ அதற்கு இணங்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் அரசி பொறுமையோடு மன்றாடினார். இறுதியில் மன்னர் அரைமனத்தோடு விடை கொடுத்தார். 672ஆம் ஆண்டளவில், மன்னரின் அத்தை எப்பா தலைவியாக இருந்த கோல்டிங்காம் மடத்தில், ஆயர் வில்ஃபிரிதின் கையால் அவர் துறவு முக்காடு பெற்றார்.

மறு ஆண்டு, 673இல், தாம் பிறந்த நாட்டிலுள்ள ஈலி என்ற இடத்திற்கு வந்து ஒரு மடத்தை நிறுவினார். சுற்றிலும் சதுப்பு நிலம். நடுவே ஒரு தீவு. விலாங்கு மீன்கள் மிகுதியாகக் கிடைத்ததால் அவ்வூருக்கு அப்பெயர் வந்ததாம். அங்கே மடத் தலைவியாக இருந்த அவர் மெல்லிய துணியைத் தொடாமல் கம்பளி ஆடையே உடுத்தினார். பெரும்பாலும் ஒரு வேளையே உண்டார். உயிர்த்த திருநாள், தூய ஆவியின் திருநாள், மூவரசர் திருநாள் ஆகியவற்றுக்கு முன்புதான் வெந்நீரில் குளிப்பார். அப்போதும் மற்றக் கன்னியரைத் தாமே நீராட்டிவிட்டு, எல்லாருக்கும் கடைசியாகவே குளிப்பார். முடி தரித்த அரசி கடைசி இடத்தை விரும்பி எடுத்துக்கொண்டார்.

ஏழாண்டு கூட நிறையவில்லை. மடத்தில் கொள்ளைநோய் புகுந்தது. தலைவியின் கழுத்தில் பெரிய கட்டி எழும்பியது. கினிஃபிரித் என்ற மருத்துவர் அதைக் கீறிவிட்டார். இரண்டு நாள் நலம்போல் தோன்றி, மூன்றாம் நாள் வேதனை திரும்பியது. இளமையில் பொன்னும் முத்துமாகக் கழுத்தில் மாலைகள் சுமந்த வீண் ஆசைக்கு இது பரிகாரம் என்று அவர் அமைதியோடு ஏற்றார். 679ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் உயிர் துறந்தார். அவர் விருப்பப்படி, மற்றக் கன்னியரின் வரிசையிலேயே மரப்பெட்டியில் அடக்கம் செய்தனர்.

அவருக்குப்பின் தலைவியான அவருடைய அக்காள் செக்ஸ்பர்கா, பதினாறு ஆண்டுகள் கழித்து உடலைக் கோயிலுக்குள் மாற்ற எண்ணினார். ஈலியில் கல் கிடையாது. படகில் கல் தேடிச் சென்ற துறவிகள் பாழடைந்த ஊரொன்றில் வெண்பளிங்குப் பேழை ஒன்றைக் கண்டு கொணர்ந்தனர். கல்லறையைத் திறந்தபோது உடல் அழியாதிருந்தது. கழுத்துப் புண் ஆறி, மெல்லிய வடு மட்டுமே தெரிந்தது. உடனிருந்த அந்த மருத்துவரே இதற்குச் சாட்சி சொன்னதாக, மறைவல்லுநரான புனித பீட் 731ஆம் ஆண்டில் முடித்த தம் திருச்சபை வரலாற்றில் எழுதியிருக்கிறார்.

உடல் மாற்றப்பட்ட அக்டோபர் 17ஆம் நாளை ஒட்டி, பிற்காலத்தில் ஈலியில் புனித ஆட்ரி சந்தை கூடியது. கழுத்தில் அணியும் பட்டு நாடாக்கள் அங்கே விற்கப்பட்டன. 'செயிண்ட் ஆட்ரி' என்று விரைந்து சொல்லும்போது 'செயிண்ட்' என்பதன் இறுதி 'ட்', நாம் இலக்கண வகுப்பில் படிக்கும் புணர்ச்சிபோல, அடுத்த சொல்லோடு ஒட்டி 'டாட்ரி' ஆயிற்று. நாளடைவில் சரக்கு மட்டமாகவே, சொல்லின் பொருளும் தாழ்ந்தது. கழுத்தணியின் வீண்பகட்டை வெறுத்தவரின் பெயரே வீண்பகட்டுக்குப் பெயரானது!

870ஆம் ஆண்டில் டேனியர் மடத்தை அழித்தனர். ஒரு நூற்றாண்டுக்குப்பின் அது மீண்டும் எழுந்தது. எட்டாம் ஹென்றி மன்னரின் காலத்தில் அவருடைய திருப்பேழை உடைக்கப்பட்டது. எனினும் ஈலிப் பேராலயம் உயர்ந்து நிற்கிறது. இலண்டனில் அவர் பெயர் தாங்கிய 13ஆம் நூற்றாண்டுக் கோயில் 1870களில் மறுபடியும் கத்தோலிக்கர் கைக்கு வந்தது. ஷேக்ஸ்பியரின் நாடகத்தில் ஆடு மேய்க்கும் நாட்டுப்புறப் பெண்ணுக்கு இடப்பட்ட ஆட்ரி என்ற பெயர் 20ஆம் நூற்றாண்டில் மீண்டும் செல்வாக்குப் பெற்றது. 1929இல் பிறந்து, புகழ்பெற்ற நடிகையாகி, இறுதி ஆண்டுகளில் யூனிசெஃப் வழியாகப் பசித்த குழந்தைகளுக்காக உழைத்த ஆட்ரி ஹெப்பர்ன் அதனை உலகறியச் செய்தார்.

தோழியரே, பெயரைப் பெற்றோர் தருகின்றனர்; அதன் பொருளை உலகம் தன் போக்கில் மாற்றிவிடவும் கூடும். சந்தைக்காரர் செய்ததற்குப் புனித ஆட்ரி பொறுப்பல்ல. நம் கையில் இருப்பது நம் வாழ்வுதான். உயர்குலத்தை உதறி, வலிமையை மட்டும் தம்மோடு வைத்துக்கொண்ட அவரைப் போல, நாமும் நம் ஞானஸ்நானப் பெயரின் பொருளைக் கேட்டறிந்து, அதற்கேற்ப வாழ முயல்வோம்.